கடல் கடந்து வந்த தேவைகள்: பெங்களூர் மென்பொருள் வரலாற்றில் ஒரு பக்கம்

'பெங்களூர்த் தமிழரும் கணிப்பொறித் துறையும்' என்ற பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். இப்பொருளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் நிறுவனங்களின் பெயர்களையும் கோடிக்கணக்கான டாலர்களையும் அடுக்கி முடிந்துவிடுகின்றன. நான் இத்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனவே வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு பகுதியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எங்கோ அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது பெங்களூரில் நிரல் எழுதும் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? அது வந்து சேர்ந்த வழி என்ன? வழியில் எது விழுந்து போனது?

இதை எங்கள் தொழிலில் 'ரிக்வைர்மென்ட்' என்போம். தமிழில் 'தேவை' என்று சொன்னால் போதும். ஆனால் சொல்லில் இருக்கும் எளிமை வேலையில் கிடையாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திக் கைசுட்டுக்கொண்ட ஃபிரெட் புரூக்ஸ், 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மென்பொருள் கட்டுவதில் மிகக் கடினமான பகுதி எதைக் கட்ட வேண்டும் என்று துல்லியமாக முடிவு செய்வதே என்ற கருத்தைச் சொன்னார். ஒரே கட்டடத்தில் இருப்பவர்களுக்கே அந்த நிலை என்றால், நடுவில் இரண்டு கடல்கள் இருந்தால் கேட்கவா வேண்டும்?

அளவு ஜாக்கெட்

நான் பிறந்து வளர்ந்தது ஒக்கலிபுரத்தில். சிட்டி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தண்டவாளங்களை ஒட்டிய பகுதி. இரவில் ஷண்டிங் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். பின்னி மில், மினர்வா மில் தொழிலாளர்களும் ரயில்வேக்காரர்களுமாக வட ஆர்க்காடு, தருமபுரிப் பக்கத்துச் சனங்கள் நிறைய. என் அப்பா அங்கே ஒரு தையல் மிஷின் வைத்திருந்தார். ரவிக்கை தைப்பதில் அவருக்கு நல்ல பெயர்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் காலை வண்டியில் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொண்டு வந்து கொடுப்பார்கள். போடுகிறவர் ஜோலார்பேட்டைப் பக்கம் ஏதாவது கிராமத்தில் இருப்பார். கொண்டு வருகிறவர் அவருடைய நாத்தனாரோ சித்தியோ. அப்பா அந்த அளவு ஜாக்கெட்டை உடனே டேப்பால் அளக்கமாட்டார். உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "பக்கத் தையலைப் பிரிச்சுத் தச்சிருக்காங்களே, இது எப்போ தச்சது? பிள்ளை பொறந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்பார். கொண்டு வந்தவருக்குத் தெரியாது. "இந்த அளவுக்கே தைங்கண்ணே, அவ அப்படித்தான் சொன்னா" என்பார். அப்படியும் அப்பா அன்றைக்கு வெட்டமாட்டார். ஒரு தபால் கார்டு போகும். பதில் வர நாளாகும் என்றால், உள்ளே இரண்டு விரல் அகலம் துணி மடித்து விட்டுத் தைப்பார், பிறகு பிரித்துக்கொள்ளட்டும் என்று.

இதை நான் அப்போது ஒரு தொழில் நுணுக்கமாக எண்ணவில்லை. 'அப்பாவுக்கு எதற்கு ஊர்ப் பெண்களின் பிரசவக் கணக்கு' என்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஆள் போன காலம்

இந்தியாவிலிருந்து மென்பொருள் ஏற்றுமதி தொடங்கியது பெங்களூரில் அல்ல, பம்பாயில். 1974-இல் டாடா கன்சல்டன்சி நிறுவனம் பரோஸ் என்ற அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்துக்காக வேலை எடுத்தது. ஒரு வகைக் கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருந்த மருத்துவமனைக் கணக்கு நிரல்களை இன்னொரு வகைக் கணிப்பொறியில் ஓடும்படி மாற்றித் தரும் வேலை. இது முழுக்க முழுக்க அளவு ஜாக்கெட் வேலைதான். ஓடுகிற நிரல் கையில் இருக்கிறது. அது என்ன செய்கிறதோ அதையே புதிதும் செய்தால் போதும். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்கவே தேவையில்லை.

இவ்வகை வேலை தீர்ந்த இடத்தில் ஆளையே அனுப்பினார்கள். தேவை நம்மிடம் வரவில்லை, நாம் அதனிடம் போனோம். 1981-இல் புனேயில் தொடங்கி 1983-இல் பெங்களூருக்கு வந்த இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் நிறுவனர்களிலேயே பலர் ஆரம்ப ஆண்டுகளில் அமெரிக்காவில் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து நிரல் எழுதியவர்கள்தாம். 'உடம்பை விற்கும் வியாபாரம்' என்று இதைப் பிற்காலத்தில் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடிக்கையாளருக்கு எதிரே நின்றவன் அவர் முகத்தைப் பார்த்தான். அவருடைய கிடங்கில் நடந்தான், அவரோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டான். எழுதாத விஷயங்கள் எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அவனுக்குத் தெரிய வந்தன.

வேலையை இங்கேயே செய்யலாம் என்ற நிலை வந்தபோது நிலைமை மாறியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1985-இல் பெங்களூர் மில்லர்ஸ் சாலையில் தன் மையத்தைத் தொடங்கியது. செயற்கைக்கோள் இணைப்புக்கான ஆன்டெனாக் கருவிகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய படம் மிகவும் பிரபலம். அந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த இணைப்பில் போகிற, வருகிற தகவல் எதையும் பார்வையிட அரசுக்கு உரிமை இருந்தது, அதற்கென்று ஓர் அதிகாரியின் மேற்பார்வையும் இருந்தது. இதைவிட முக்கியமானது வேறொன்று. அங்கே எழுதப்பட்டது சில்லு வடிவமைப்புக்கான மென்பொருள். அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் அதே நிறுவனத்தின் பொறியாளர்கள். கேட்பவரும் செய்பவரும் ஒரே தொழில், ஒரே பாஷை. அந்த முயற்சி நிலைத்ததற்குச் செயற்கைக்கோளுக்கு நிகரான காரணம் இது என்பது என் கருத்து.

1991-இல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை நிறுவியது. விநாடிக்கு 64 கிலோபிட் இணைப்பைச் சிறிய நிறுவனங்களும் வாடகைக்கு எடுக்க முடிந்தது. இன்று உங்கள் வீட்டுக் கைபேசி அதைப் போல ஆயிரம் மடங்கு வேகத்தில் படம் காட்டுகிறது. அன்றைக்கு அந்த 64-ஐ நாற்பது பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அதற்கு முன்னால் காந்த நாடாவைக் கூரியரில் அனுப்பிச் சுங்கத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது சொர்க்கம். நான் அந்தக் காலத்தில்தான் எம்.சி.ஏ. முடித்து ஒரு நிறுவனத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. (எம்.சி.ஏ. படிப்பே நாட்டில் வந்தது ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் தலைமையேற்ற குழுவின் பரிந்துரையால் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?)

முப்பத்தேழாவது கேள்வி

இணைப்பு வந்தபிறகு வேலை இரண்டாகப் பிரிந்தது. வாடிக்கையாளர் இடத்தில் இரண்டு மூன்று பேர், அவர்கள் 'ஆன்சைட்'. பெங்களூரில் பத்துப் பதினைந்து பேர், அவர்கள் 'ஆஃப்ஷோர்'. தேவையை அங்கே இருப்பவர்கள் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும், இங்கே இருப்பவர்கள் படித்துச் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் கேள்விப் பட்டியல் போடுவார்கள். அது ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் வாடிக்கையாளரிடம் போகும், பதிலும் அவர் வழியாகத்தான் வரும்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். 'அவர்கள் தூங்கும்போது நாம் வேலை செய்வோம், சூரியன் மறையாத அலுவலகம்' என்று விற்பனைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நிரல் எழுதுவதற்கு அது பொருந்தும். கேள்வி கேட்பதற்கு அது சாபம். இங்கே மாலையில் கேட்டால் மறுநாள் காலையில் பதில். அந்தப் பதில் புரியவில்லை என்றால் இன்னொரு நாள். மூன்று கேள்வியில் ஒரு வாரம் போய்விடும். அதனால் கேட்காமல் ஊகித்துக்கொள்ளும் பழக்கம் தானாக வந்தது.

1996-இல் நான் அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் அத்தகைய ஒருங்கிணைப்பாளனாக இருந்தேன். கிடங்கு இருப்புக் கணக்கு மென்பொருள். இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தேவை ஆவணம், வாடிக்கையாளர் கையெழுத்துடன். அதில் ஒரு வரி: திருப்பி அனுப்பப்படும் சரக்கு இருப்பில் சேர்க்கப்பட வேண்டும்.

பெங்களூர்க் குழுவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண், திருச்சிப் பக்கத்துப் பெண், ஃபேக்ஸில் வந்த பட்டியலில் முப்பத்தேழாவதாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'திரும்பி வரும் பொருள் உடைந்திருந்தால் அதையும் விற்பனைக்கான இருப்பில் சேர்ப்பதா?'

அந்த வாரம்தான் வாடிக்கையாளரின் மேலாளர் என்னிடம், உங்கள் ஆட்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களே, ஆவணத்தைப் படிக்க மாட்டார்களா என்று சலித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 'இதுகூடத் தெரியாதா இவனுங்களுக்கு' என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். பட்டியலில் இருந்து பதினோரு கேள்விகளை நானே அடித்தேன். அவற்றில் முப்பத்தேழும் ஒன்று. 'ஆவணத்தில் உள்ளபடி' என்று பதில் எழுதி அனுப்பினேன். அந்தப் பெண் ஆவணத்தில் உள்ளபடி எழுதினார்.

அந்தக் கிடங்கில் திரும்பி வரும் சரக்கைத் தனியாக ஒரு கம்பி வலைக்குள் வைப்பார்கள். ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே அது அலமாரிக்குப் போகும். இருபது வருடமாக அப்படித்தான். அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் அதை எழுதவில்லை. நான் தினமும் அந்த வலையைத் தாண்டித்தான் காபி எடுக்கப் போவேன். புது மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், கணக்கில் 'இருப்பு' என்று காட்டிய உடைந்த சாமான்கள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

விசாரணை நடந்தது. 'ஆஃப்ஷோர் குழுவுக்குத் தொழில் அறிவு போதவில்லை' என்று காரணம் எழுதப்பட்டது. அடுத்து ஆன்சைட் போக வேண்டியவர் பட்டியலில் இருந்து அந்தப் பெண்ணின் பெயர் எடுக்கப்பட்டது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சுருக்கமாக, "கொண்டு வந்தவளே அளவைச் சொல்லிட்டா, போடுறவ எதுக்கு?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சான்றிதழ்களும் செவ்வாய்க் கோளும்

அந்த நாளில் பெங்களூர் தரச் சான்றிதழ் மோகத்தில் இருந்தது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் நிறுவனம் வகுத்த முதிர்ச்சி மாதிரியில் ஐந்து நிலைகள். அதன் இரண்டாம் நிலையில் முதலில் வரும் பாடமே தேவை மேலாண்மைதான். 1993-இல் பெங்களூரில் இருந்த மோட்டரோலா நிறுவனத்தின் மென்பொருள் மையம் ஐந்தாம் நிலை பெற்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1998-இல் விப்ரோ, 1999-இல் இன்ஃபோசிஸ் என்று வரிசையாக வந்தன. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் உலகின் ஐந்தாம் நிலை நிறுவனங்களில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்தன.

இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேவைக்கு எண் கொடுப்பது, மாற்றம் வந்தால் தேதி போட்டு இரு தரப்பும் ஒப்புக்கொள்வது, ஒவ்வொரு வரியும் எந்த நிரலில், எந்தச் சோதனையில் இருக்கிறது என்று அட்டவணை போடுவது, இவை எல்லாம் அந்த ஒழுங்கால் நமக்கு வந்தவை. முகம் தெரியாத தேசத்தின் வாடிக்கையாளர் நம்மை நம்பியதற்கு அந்தச் சான்றிதழ் பெரிய காரணம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைந்த சரக்கு விவகாரத்தில் எங்கள் அட்டவணை சுத்தமாக இருந்தது. தேவை வரிக்கு நிரல் இருந்தது, நிரலுக்குச் சோதனை இருந்தது, சோதனை வெற்றி. எழுதிய தேவைக்குத்தான் எண் கொடுக்க முடியும். எழுதாததற்கு?

'இது இந்தியர்களின் ஆங்கிலக் குறை' என்று சொல்பவர்களுக்கு நான் வழக்கமாக 1999-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றைக் காட்டுவேன். நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் செவ்வாயை அடைந்தபோது தொலைந்து போனது. டென்வர் நகரின் லாக்ஹீட் மார்ட்டின் குழு எழுதிய தரை மென்பொருள் ஓர் அளவைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது. கலிபோர்னியாவில் இருந்த குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். நியூட்டன் கணக்கில்தான் தர வேண்டும் என்று தேவைக் குறிப்பில் எழுதியே இருந்தது! இரண்டு பக்கமும் அமெரிக்கர், ஒரே மொழி. விண்கலத்தின் பாதை எங்கோ உதைக்கிறது என்று வழிகாட்டும் பொறியாளர்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் முறைப்படி பதிவாகாமல் பேச்சோடு போய்விட்டது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அதைப் படித்த அன்று எனக்கு முப்பத்தேழாவது கேள்வி ஞாபகம் வந்தது.

அதே ஆண்டுகளில்தான் இரண்டாயிரமாவது ஆண்டுச் சிக்கல், அதாவது 'ஒய்டுகே', பெங்களூருக்கு வேலையைக் கொட்டியது. ஏன் அது இவ்வளவு சுலபமாகக் கடல் தாண்டி வந்தது? கூலி குறைவு என்பது பாதிக் காரணம்தான். இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்கமாக்கு என்ற தேவையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழையபடி ஓர் அளவு ஜாக்கெட். அந்த வேலையில் கிடைத்த நம்பிக்கையால் 2000-க்குப் பிறகு வங்கி, காப்பீடு, மருத்துவம் என்று புதுத் துணி வெட்டும் வேலைகள் வந்தன. அப்போதுதான் தேவையின் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்தது.

தூரத்தின் கணக்கு

ஆராய்ச்சியாளர்களும் இதை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். லூசென்ட் நிறுவனத்தின் பல நாட்டுக் குழுக்களை ஆராய்ந்த ஹெர்ப்ஸ்லெப், மாக்கஸ் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல இடங்களில் பிரிந்து செய்யப்படும் மாற்ற வேலை, ஒரே இடத்தில் செய்யப்படும் அதே மாதிரி வேலையைவிடச் சுமார் இரண்டரை மடங்கு காலம் எடுக்கிறது. அதற்கு முன்பே 1970-களில் எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன் பொறியாளர்களின் மேசை தூரத்தை அளந்து, முப்பது மீட்டருக்கு மேல் போனால் பேச்சுவார்த்தை மிகவும் குறைந்துவிடுகிறது என்று கண்டார். முப்பது மீட்டர்! ஒக்கலிபுரத்தில் அது எங்கள் வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இருந்த தூரம்.

2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி 'அஜைல்' கொள்கையை அறிவித்தார்கள். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது மேல் என்பது அதன் கருத்துகளில் ஒன்று. எதிரே உட்கார்ந்து பேசச் சொல்லும் முறை பெங்களூருக்கு எப்படிப் பொருந்தும் என்று எங்களில் பலர் சிரித்தோம். அவ்வறிவிப்பில் கையெழுத்திட்ட மார்ட்டின் ஃபௌலர் வேலை பார்த்த தாட்வொர்க்ஸ் நிறுவனம் அதே ஆண்டு பெங்களூரில் கிளை தொடங்கி அதையே செய்து பார்த்தது. ஃபௌலர் எழுதிவைத்த அனுபவங்களில் இரண்டு எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, இரு பக்கமும் தூதர்களைப் போல ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவது. மற்றது, தேவையை வெறும் வாக்கியமாக அனுப்பாமல் சோதனையாக எழுதி அனுப்புவது. 'உடைந்த தட்டு ஒன்று திரும்பி வருகிறது, இருப்பு எவ்வளவு?' என்று யாராவது ஒரு சோதனை எழுத உட்கார்ந்திருந்தால் கம்பி வலை தானாக வெளியே வந்திருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆன்சைட், ஆஃப்ஷோர் என்ற வேறுபாடே சில மாதங்களுக்கு மறைந்தது. வாடிக்கையாளரும் அவர் வீட்டுச் சமையலறையில், நம் பிள்ளையும் இங்கே படுக்கையறையில். எல்லோரும் திரையில் ஒரே அளவுக் கட்டத்துக்குள். நான் அப்போது ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். முப்பது வருடத்தில் முதல் முறையாக, ஒரு புதுப் பையன் வாடிக்கையாளரை நேராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டதை அப்போது பார்த்தேன்.

வரலாறு எழுதுபவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. 1980, 90-களின் தேவை ஆவணங்களும் கேள்விப் பட்டியல்களும் பெரும்பாலும் இல்லை. ரகசிய ஒப்பந்தம் என்று கிழித்தோம், இடமில்லை என்று எடைக்குப் போட்டோம். கட்டடங்களின் படம் இருக்கிறது. அதற்குள் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதற்குச் சாட்சி அப்போது இருந்த மனிதர்கள்தாம்.

அந்தச் சாட்சிகளில் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீராமபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அந்தத் திருச்சிப் பெண்தான். இன்று ஒரு பன்னாட்டு நிறுவன மையத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும்போது நானே ஆரம்பித்தேன். "அம்மா, அந்த ரிட்டர்ன் சரக்கு விஷயத்துல நீங்க கேட்ட கேள்வியை நான்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியும் சார்" என்றார். "ஃபேக்ஸ் காப்பி என்கிட்டதானே இருந்தது. நீங்க பேனாவுல அடிச்சுட்டுத் திருப்பி அனுப்பின ஷீட்லயே கேள்வி தெரிஞ்சுது."

ஏன் அன்றைக்குக் காட்டவில்லை என்று கேட்டேன். "வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகல. ஹாஸ்டல் வாடகை கட்டணும்" என்றார். பிறகு அவருடைய குழுவில் இப்போது நடப்பதைச் சொன்னார். கேள்விப் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர், இங்கே இருப்பவர், வாடிக்கையாளர் எல்லோரும் அதைப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். கேள்வி கேட்டவரைத் தவிர வேறு யாரும் ஒரு கேள்வியை மூட முடியாது. இந்தக் கடைசி விதியைத் தாமே வற்புறுத்திச் சேர்த்ததாகச் சொன்னார்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.